டிவிக்குள்ளே காடு! வாசலிலே கடல்!



அறிவியல், இயற்கை, சாகசம். இந்த மூன்றையும் காட்டும் ஆவணத் தொடர்களில் சிறந்தது எது? இந்தக் கேள்வியை எந்த வகுப்பில் கேட்டாலும் பெல் அடிச்ச பிறகும் சண்டை முடியாது. ஒருத்தன் பியர் கிரில்ஸ்தான் என்பான், இன்னொருத்தி டேவிட் அட்டன்பரோ என்பாள். "எனக்குப் பிடிக்கும்" என்பது மட்டும் ஒரு காரணம் ஆகாது அல்லவா? அதனால் நம்ம பரீட்சை மாதிரியே மார்க் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மொத்தம் மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 மார்க்.

1. காட்டுவது உண்மையா?
2. "இது எப்படித் தெரியும்?" என்று சொல்லித் தருகிறதா?
3. பார்த்து முடித்ததும் நம்மை வெளியே போய்ப் பார்க்க வைக்கிறதா?

காஸ்மாஸ் (1980)

கார்ல் சேகன் என்ற அமெரிக்க வானியல் அறிஞர் வழங்கிய 13 பாகத் தொடர் இது. நம்ம தாத்தா பாட்டி காலத்துத் தொடர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். முதல் பாகத்திலேயே ஒரு அருமையான கதை வருகிறது. சுமார் 2,200 வருடங்களுக்கு முன்னால் எகிப்தில் எரட்டாஸ்தனிஸ் என்பவர் வெறும் குச்சியும் நிழலும் வைத்து பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்தார். சயீன் என்ற ஊரில் ஒரு குறிப்பிட்ட நாள் நண்பகலில் குச்சிக்கு நிழல் இல்லை. அதே நேரத்தில் அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணம் சுமார் 7 டிகிரி. ஒரு வட்டம் 360 டிகிரி. அப்படியென்றால் 7 டிகிரி என்பது வட்டத்தில் ஏறக்குறைய 50-ல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 800 கிலோமீட்டர். 800-ஐ 50-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர். விடை வந்தாச்சு!

இதை நாமும் நம்ம மைதானத்தில் செய்து பார்க்கலாம். சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் நாள் வருடத்தில் இரண்டு. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒன்று. அன்று நண்பகலில் நேராக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது.

இதே தொடரின் 10-ம் பாகத்துக்காக சேகன் தமிழ்நாட்டுக்கே வந்தார். நம்ம பொங்கலையும் சோழர் கால நடராஜர் சிலையையும் காட்டி, பிரபஞ்சத்தின் தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறார். பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 864 கோடி ஆண்டுகள் என்று புராணக் கணக்கு. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். கோடிக்கணக்கில் யோசித்தது பெரிய கற்பனைதான்! ஆனால் காஸ்மாஸ் புத்தகத்தில் சேகன் ஒரு வார்த்தையை மறக்காமல் சேர்க்கிறார். இந்தப் பொருத்தம் தற்செயலானது என்கிறார். நம்ம போனுக்கு ஃபார்வர்ட் ஆகி வரும் பல செய்திகளில் "சேகனே பாராட்டினார்" என்பது மட்டும் இருக்கும், "தற்செயல்" காணாமல் போயிருக்கும். ஒரு வார்த்தையை வெட்டினால் பாராட்டு சாட்சியாக மாறிவிடுகிறது பாருங்கள்!

என் மார்க்: 9 + 10 + 7 = 26.

மேன் வெர்சஸ் வைல்ட் (2006 முதல் 2011 வரை)

பார்க்க ஜாலியாக இருக்கும், சந்தேகமே இல்லை. பியர் கிரில்ஸ் இதே மாதிரி எடுத்த இன்னொரு நிகழ்ச்சியில் 2020-ல் நம்ம ரஜினிகாந்த் அவர்களும் பந்திப்பூர் காட்டுக்குள் போய் வந்தார். ஆனால் 2007-ல் ஒரு விஷயம் வெளியே வந்தது. காட்டில் தனியாக இரவைக் கழிப்பது போலக் காட்டிய சில நாட்களில் கிரில்ஸ் ஹோட்டலில் தங்கியிருந்தார். சில காட்சிகள் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவை. அதன் பிறகு, "சில சூழ்நிலைகள் ஏற்படுத்தப்பட்டவை" என்ற பொருளில் அறிவிப்பு போட ஆரம்பித்தார்கள். சாகசம் தப்பில்லை, ஆனால் கேமராவுக்குப் பின்னால் ஒரு பெரிய குழுவே நிற்கிறது என்பதை மறந்துவிட்டு யாரும் அதைக் காப்பி அடிக்கக் கூடாது.

இதைவிட மோசமான உதாரணமும் உண்டு. டிஸ்னி நிறுவனம் 1958-ல் எடுத்த 'ஒயிட் வைல்டர்னஸ்' என்ற படத்தில் லெம்மிங் என்ற எலி வகை விலங்குகள் கூட்டமாகத் தண்ணீரில் குதித்துச் சாவது போல ஒரு காட்சி. படத்துக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. 1982-ல் கனடா நாட்டுத் தொலைக்காட்சி விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த விலங்குகளை வேறு இடத்திலிருந்து கொண்டு வந்து தள்ளி விட்டிருக்கிறார்கள் என்று! லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பொய்க் காட்சி எவ்வளவு காலம் வாழுது பாத்தீங்களா?

என் மார்க்: 4 + 5 + 5 = 14.

நேஷனல் ஜியோகிராபிக் எக்ஸ்ப்ளோரர் (1985 முதல்)

இந்தத் தொடருக்கும் நம்ம ஏரியாவுக்கும் ஒரு சொந்தம் இருக்கு. நாம் டூர் போகும் கிண்டி பாம்புப் பண்ணையை உருவாக்கியவர் ராமுலஸ் விட்டேகர். அந்தப் பண்ணை கிண்டிக்கு வந்தது 1972-ல். 1976-ல் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் தொடங்கினார். ராஜநாகத்தைப் பற்றி அவர் எடுத்த படம் எக்ஸ்ப்ளோரர் தொடரில் வந்து, 1998-ல் எம்மி விருது வாங்கியது. பாம்புகளிலேயே இலைதழைகளைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடுவது ராஜநாகம் மட்டும்தான். அதன் முக்கிய உணவு மற்ற பாம்புகள்.

விட்டேகருக்குப் பாம்பு பிடிக்கும் நுணுக்கத்தைக் காட்டியவர்கள் நம்ம இருளர் மக்கள். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவு சங்கத்தினர் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் இந்த வேலை எவ்வளவு பெரிய வேலை!

இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள்! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பின்னணி இசை இல்லாத சாகசம் இதுதான்.

என் மார்க்: 9 + 8 + 9 = 26.

பிளானட் எர்த் (2006, 2016)

பிபிசி தயாரித்து, டேவிட் அட்டன்பரோ குரல் கொடுத்த தொடர். 2006-ல் வந்த முதல் தொடரில் 11 பாகங்கள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் சுமார் பத்து நிமிடம், அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று தனியாகக் காட்டினார்கள். என் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கணக்கில் விடையை மட்டும் எழுதாமல் வழிமுறையையும் எழுதுவது மாதிரி!

ஆனாலும் இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. மிகத் தூரத்திலிருந்து பெரிய லென்ஸ் வைத்து எடுக்கும்போது, விலங்கின் காலடிச் சத்தம் மைக்கில் பதியாது. அதனால் இந்த மாதிரி படங்களில் பல சத்தங்களை ஸ்டுடியோவில் பிறகு சேர்க்கிறார்கள். அதே பிபிசியின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் (2011) பனிக்கரடிக் குட்டிகள் குகைக்குள் இருக்கும் காட்சி ஒரு விலங்குக் காட்சிசாலையில் எடுக்கப்பட்டது. தாய்க் கரடியின் குகைக்குள் கேமராவோடு போனால் கரடிக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து. காரணம் நியாயம்தான். ஆனா அதைத் திரையிலேயே சொல்லியிருக்கணும் என்பது என் கருத்து.

என் மார்க்: 8 + 10 + 10 = 28.

மூன்றாவது கேள்விக்கு ஏன் முழு மார்க் கொடுத்தேன் என்று கேட்கிறீர்களா? அதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி.

பார்படோஸும் பெசன்ட் நகரும்

2016-ல் வந்த 'பிளானட் எர்த் 2' தொடரின் 'நகரங்கள்' என்ற பாகத்தில், பார்படோஸ் தீவில் கடலாமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளியே வருகின்றன. இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நகர்வது அவற்றின் இயல்பு. இயற்கையில் நிலா, நட்சத்திர ஒளி பட்டுக் கடல்தான் வெளிச்சமாக இருக்கும். ஆனால் அந்த ஊரின் தெரு விளக்குகள் கடலைவிடப் பிரகாசம். குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போகின்றன. சாக்கடையில் விழுகின்றன, வண்டியில் அடிபடுகின்றன. படக்குழுவினர் தங்கள் கண்ணில் பட்ட குஞ்சுகளை எடுத்துக் கடலில் விட்டார்கள்.

பார்க்கும்போது "ஐயோ பாவம்" என்று தோன்றும். ஆனால் அது பார்படோஸில் மட்டும் நடப்பதில்லை நண்பர்களே. நாம் சாயங்காலம் சுண்டல் சாப்பிடும் எலியட்ஸ் பீச்சுக்கும் ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிட வருகின்றன. அவை ஆலிவ் ரிட்லி ஆமைகள். தமிழில் பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். ஒரு ஆமை ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டை இடும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சு வரும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிதாகும் என்பது பொதுவான கணிப்பு.

நம்ம கடற்கரையிலும் அதே விளக்குப் பிரச்சினைதான். அதனால் 1988 முதல் 'மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பு' என்ற மாணவர் குழுவினர், சீசன் இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள். பிபிசி கேமரா எதுவும் கூட வருவதில்லை. நம்ம மாதிரி மாணவர்கள் ஆரம்பித்த வேலை இது!

இன்னொரு ஆபத்து கடலுக்குள்ளே. ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சு விட மேலே வந்தே ஆகணும். இழுவை வலையில் மாட்டினால் மூச்சு முட்டி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை வலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைக் கடைப்பிடித்தாலே பாதி ஆமைக்கு மேல் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிவு

என் மார்க் பட்டியலில் முதலிடம் பிளானட் எர்த். உங்களுக்கு வேறு தொடர் பிடித்திருந்தால் நல்லது, ஆனால் இதே மூன்று கேள்விகளுக்கு மார்க் போட்டு, காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் ஒட்டுவோம்.

பார்க்கும்போது செய்ய வேண்டியவை

* ஐந்து நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். "மான் தப்பிக்குமா, இரையாகுமா?" என்ற டப்பிங் குரல் இல்லாமலும் அந்தக் காட்சி பயமாக இருக்கிறதா?
* கேமரா எங்கே இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.
* ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்யும் முன் முழு வாக்கியத்தையும் தேடிப் படியுங்கள்.
* சீசனில் வார இறுதி ஆமை நடைக்குப் பெரியவர்களோடு போங்கள். டார்ச் அடிக்காதீர்கள், செல்போன் பிளாஷ் வேண்டவே வேண்டாம். ஆமையைத் தொடாதீர்கள்.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு இரவு மணலில் நடந்து பாருங்கள். அட்டன்பரோ குரல் கேட்காது. அலைச் சத்தம் கேட்கும்.