கடிக்க ஒரு கயிறு

கோலார் தங்கவயலில் கடைசி ரயில் நிலையம் மாரிக்குப்பம். அதன் பக்கத்தில் மைசூர் மைன்ஸ். அங்கே ஒரு லைன் வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பத்து வயதுப் பேரன்.

தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. மகனுக்குச் சுரங்க வேலை இல்லை. அவனும் மருமகளும் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பொழுது விடியும் முன்பே கிளம்ப வேண்டும்.

ஒருநாள் பேரன் தெருவிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தான். மூன்று மாதக் குட்டி. மணி என்று பெயர் வைத்தான்.

வந்த பத்தாம் நாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மருமகள் வாசலுக்கு ஓடினாள். ஒரு செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பில் வார் இல்லை.

"அத்தை! இந்த நாய் செருப்பைத் தின்னுடுச்சு!"

"என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போம்மா. வண்டி போயிடும்" என்றார் பாட்டி.

மருமகள் போய்விட்டாள். பாட்டி துடைப்பத்தை எடுத்தார். மணி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. செருப்பு வார் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

அன்று மாலை மணி சோறு தின்னவில்லை. இரவில் வாந்தி எடுத்தது. மறுநாளும் வாந்தி. வயிறு உப்பிக்கொண்டது. எழுந்து நிற்கவே கஷ்டப்பட்டது. பேரன் அழுதான். தாத்தா குட்டியைத் துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "என்ன கடிச்சது?" என்று கேட்டார். அப்போதுதான் செருப்பு வாரின் நினைவு வந்தது.

மருந்தும் ஊசியும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மலத்தோடு ரப்பர்த் துண்டு வந்தது. மணி பிழைத்தது. "இது நல்ல நேரம். குடலில் அடைத்திருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். பல குட்டிகள் அதற்குள் செத்துப்போகும்" என்றார் டாக்டர்.

உங்கள் வீட்டில் நாய்க்குட்டி உண்டா? அது எதை எல்லாம் கடித்தது? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

குட்டி ஏன் கடிக்கிறது? திமிரால் அல்ல. பல்லால்தான். நம் குழந்தைக்குப் பால் பல் முளைக்கும்போது என்ன செய்கிறது? கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது. ஈறு அரிக்கிறது. நாய்க்குட்டிக்கும் அப்படித்தான். அதற்கு 28 பால் பற்கள். பிறந்த மூன்றாம் வாரத்தில் முளைக்கத் தொடங்கும். மூன்று, நான்கு மாதத்தில் ஒவ்வொன்றாக விழும். பிறகு பெரிய பற்கள் வரும். ஏழு மாதம் ஆவதற்குள் 42 பற்களும் வந்துவிடும். இந்த நாட்களில் குட்டி கடித்தே தீரும். அடித்தாலும் கடிக்கும். அடி வாங்கிய குட்டி மறைவாகப் போய்க் கடிக்கும். நம் கையைக் கண்டு பயப்படவும் கற்றுக்கொள்ளும். பயந்த நாய்தான் பிறகு ஆளைக் கடிக்கும்.

ஆகவே கடிக்காதே என்று சொல்லிப் பயன் இல்லை. கடிக்க நல்ல பொருள் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

எது நல்ல பொருள்? மகன் பெங்களூரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் எலும்பு வாங்கி வந்தான். அமுக்கினால் 'கீச்' என்று கத்தும். பார்க்க அழகாக இருந்தது. மூக்கின் அருகே வைத்தால் மண்ணெண்ணெய் போல ஒரு நாற்றம். மணி அரை மணி நேரத்தில் அதைப் பிய்த்துவிட்டது. உள்ளே இருந்த ஊதலை விழுங்கப் போனது. பாட்டி வாய்க்குள் விரலை விட்டு எடுத்தார்.

பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சில ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். அவற்றில் சில உடலுக்குக் கெடுதல். மலிவான சாயத்தில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் பொம்மைக்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகள் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்தச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு மட்டும்தான். நாய் பொம்மைக்கு அது பொருந்தாது. நாய் பொம்மையை நாமேதான் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பிய்ந்த பிளாஸ்டிக்கை எங்கே போடுவது? குப்பையில் போட்டால் மாடு தின்னும். எரித்தால் விஷப்புகை. மண்ணில் புதைத்தால் மக்காது. பேரனுக்குப் பேரன் வந்து தோண்டினாலும் கிடைக்கும்.

அப்படியானால் எலும்பு போடலாமா? பலர் போடுகிறார்கள். வேகவைத்த கோழி எலும்பு ஊசி போல உடையும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். பெரிய மாட்டெலும்பு கல்லைப் போலக் கெட்டி. அதைக் கடித்தால் பல் உடையும். இதற்கு ஒரு சோதனை உண்டு. பொருளின் மேல் உங்கள் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியாவிட்டால் அது குட்டியின் பல்லுக்குக் கெட்டி.

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். அங்கே ஒருவரிடம் ஒரு நாய் இருந்தது. அது கல்லைக் கடிக்கும். பற்கள் தேய்ந்துபோயின. அவர் பெயர் ஜோ மார்க்கம். ஒருநாள் அவர் பழைய வேன் ஒன்றைப் பழுது பார்த்தார். வேனிலிருந்து கழற்றிய ஒரு ரப்பர்த் துண்டை நாய் எடுத்துக்கொண்டது. பிறகு கல்லைத் தொடவில்லை. அதைப் பார்த்து அவர் ரப்பரில் பொம்மை செய்யத் தொடங்கினார். அது 1970களில் நடந்தது. 'காங்' என்ற பெயரில் அந்தப் பொம்மை இன்று பல நாடுகளில் விற்கிறது. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மரத்தில் பால் வடிக்கிறார்களே, அந்த இயற்கை ரப்பர் நாய்க்கு நல்லதுதான். ஆனால் கெட்டியாக, ஒரே துண்டாக இருக்க வேண்டும். விலையும் கொஞ்சம் கூடுதல். செருப்பு ரப்பர் அதைப் போன்றது அல்ல. அது துண்டு துண்டாகப் பிய்ந்து வரும்.

மரப்பொம்மை கொடுக்கலாமா? பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவில் சென்னப்பட்டணம் இருக்கிறது. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து பொம்மை செய்கிறார்கள். மேலே அரக்குப் பூசுவார்கள். மஞ்சள் போன்ற செடிகொடிகளின் சாயத்தைச் சேர்ப்பார்கள். குழந்தைக்கு நல்ல பொம்மை. நம் கர்நாடகத்துக்குப் பெருமை. ஆனால் நாயின் பல் குழந்தையின் பல் அல்ல. நாய் கடித்தால் அரக்கு உரியும், மரம் சிதறும். அதைப் பிள்ளைக்கே வைத்துக்கொள்ளுங்கள். காப்பிச் செடியின் கட்டையை நாய்க்கென்று விற்கிறார்கள். அது எளிதில் சிராய் எடுக்காது. ஆனால் கெட்டியான கட்டை. பால் பல் விழுந்து பெரிய பல் வந்த பிறகு பார்க்கலாம்.

தெருவில் கிடக்கும் குச்சியைக் கொடுக்காதீர்கள். அரளிக் குச்சி விஷம். ஆமணக்கு விதையும் விஷம்.

தங்கவயலில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுரங்கத்தில் எடுத்த கல்லை அரைத்து, சயனைடு கலந்த நீரில் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்ச மண்ணை மலை மலையாகக் கொட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த மண் அது. காற்றுக் காலத்தில் வீட்டுக்குள்ளும் பறந்து வருகிறது. அந்த மேட்டில் கிடக்கும் கந்தல், கட்டை, கயிறு எதையும் குட்டிக்கு எடுத்து வரக்கூடாது. பழைய பேட்டரி, கம்பித் துண்டு இவையும் ஆகாது.

பிறகு எதைத்தான் கொடுப்பது? பதில் வீட்டிலேயே இருந்தது. பாட்டியின் பழைய நூல் புடவை.

"புடவையைக் கொடுத்தால் கொடியில் காயற துணியையும் இழுக்காதா?" என்று கேட்டார் பாட்டி. நியாயமான கேள்வி. பழைய செருப்பைக் கொடுத்தால் புதுச் செருப்பையும் கடிக்கும். குட்டிக்குப் பழசு, புதுசு தெரியாது. அதனால் புடவையை அப்படியே கொடுக்கக்கூடாது. முறுக்கி, முடிச்சுப் போட்டு, வேறு ஒரு பொருளாக ஆக்கிக் கொடுக்க வேண்டும்.

முதலில் அது நூல் துணியா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு இழையை உருவி விளக்கில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும். சாம்பல் தூளாக உதிரும். பாலியெஸ்டர் என்றால் உருகும். ஆறிய பிறகு நுனியில் கெட்டியான மணி போல நிற்கும். அது பிளாஸ்டிக்தான். அது வேண்டாம்.

புடவையை வெந்நீரில் துவைத்துக் காயவைத்தார்கள். சரிகைக் கரையை வெட்டி எடுத்தார்கள். நான்கு விரல் அகலத்தில், இரண்டு முழ நீளத்தில் மூன்று பட்டை கிழித்தார்கள். மூன்றையும் சேர்த்து ஒரு முனையில் இறுக்கி முடிச்சுப் போட்டார்கள். பிறகு தலை பின்னுவது போலப் பின்னினார்கள். பாட்டியின் பின்னல் தளர்ந்து இருந்தது. தாத்தா வாங்கி, பிரித்து, மறுபடி இறுக்கமாகப் பின்னினார். மறு முனையிலும் முடிச்சுப் போட்டார். முடிச்சு குட்டியின் வாயைவிடப் பெரிதாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். முழுதாக வாய்க்குள் போகும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கும். சின்னப் பந்தும் அப்படித்தான்.

கயிற்றைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார்கள். மண்பானை மேல் வைத்துக் குளிர வைத்தார்கள். அரிக்கும் ஈறுக்கு அந்தக் குளிர்ச்சி சுகம். மணி கயிற்றைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கடித்தது.

தாத்தா தினமும் காலையில் அந்தக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்ப்பார். பேரன் சிரித்தான்.

"என்ன தாத்தா, நாய்க் கயிற்றை இப்படிப் பார்க்கறீங்க?"

"சுரங்கத்துலே கூண்டு இறங்குற கம்பி வடத்தைத் தினமும் பார்த்த பிறகுதான்டா ஆளை இறக்குவாங்க. ஒரு இழை அறுந்தாலும் தெரியணும்."

அவர் பார்த்தது சரிதான். நூல் இழை நீளமாகப் பிரிந்தால் குட்டி விழுங்கிவிடும். நூல் குடலைச் சுருட்டி இழுக்கும். செருப்பு வாரைவிட அது ஆபத்து. ஆகவே இழை தொங்கினால் அந்தக் கயிறு வேண்டாம். புதிதாகப் பின்னலாம். பழையதைச் செடிக்குக் குழி தோண்டிப் புதைக்கலாம். பருத்தி மண்ணோடு மண்ணாகும். வாரம் ஒருமுறை கயிற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் கயிற்றை எடுத்து வைத்துவிட வேண்டும். பிடித்து வலுவாக இழுத்து விளையாடக் கூடாது. பல் ஆடும் காலம் அல்லவா?

நீளமான கேரட்டும் கொடுக்கலாம். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வட்டமாக நறுக்கிக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம்.

மணி இப்போதும் சில சமயம் செருப்பை எடுக்கிறது. துரத்தினால் விளையாட்டு என்று நினைத்து ஓடுகிறது. அதனால் யாரும் துரத்துவதில்லை. கயிற்றைக் காட்டுகிறார்கள். கயிற்றுக்காகச் செருப்பைப் போட்டுவிடுகிறது. ஒருமுறை கொடியில் இருந்த துண்டையும் இழுத்தது. பாட்டி சொன்னது முழுப் பொய் இல்லை. கொடியை உயரக் கட்டினார்கள். செருப்பு இப்போது பரண் மேல் இருக்கிறது.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்கக்கூடாது. குட்டி நம் கையைக் கடித்து விளையாடும். பேரன் கையிலும் ஒருநாள் பல் கீறியது. லேசாக ரத்தம் வந்தது. "குட்டிதானே" என்று பாட்டி மஞ்சள் வைக்கப் போனார். மருமகள் தடுத்தாள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவினாள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கவில்லை. அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். ஊசி போட்டார்கள். மறுபடி வரவேண்டிய தேதிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைப் பேரனே படித்துச் சொன்னான்.

வெறிநாய்க்கடி நோய் குட்டிக்கும் வரும். நோய் முற்றி வெளியே தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை. அதற்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டால் பயம் இல்லை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் தடுப்பூசி போட வேண்டும். மணிக்கும் போட்டார்கள். கை விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். குட்டி கையைப் பிடித்தால், கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, வாயில் கயிற்றைக் கொடுக்கிறார்கள்.

போன வாரம் கயிற்றில் ஒரு சின்ன ரத்தக் கறை இருந்தது. பேரன் பயந்துவிட்டான். தாத்தா கயிற்றைத் திருப்பிப் பார்த்தார். பின்னலுக்குள் அரிசி போல ஒரு வெள்ளைப் பல் சிக்கி இருந்தது.

"பல் விழுந்தா ரத்தம் வரத்தான் செய்யும்" என்றார் பாட்டி. கொஞ்சம் சாணி எடுத்து உருட்டிக் கொடுத்தார். பேரன் பல்லை அதற்குள் வைத்தான். லைன் வீட்டுக் கூரை மேல் எறிந்தான். மணி அண்ணாந்து பார்த்துக் குரைத்தது.