களஞ்சியமும் இல்லமும்

நுழையும்முன்

நெல்லைக் காப்பதற்கென எழுந்த கட்டடம், நெல் நீங்கியபின் என்னவாகும்? இடிந்து மண்ணாகலாம், மனிதர் வாழும் இல்லமாகவும் மாறலாம். அம்மாற்றத்தில் எதனைக் காத்தோம், எதனை இழந்தோம் என்பதை நாஞ்சில்நாட்டின் வழியே இப்பாடம் ஆராய்கிறது.

நீரும் நெல்லும்

தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களைச் சார்ந்த நாஞ்சில்நாடு, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்பட்டது. பழையாறும், 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் வயல்களுக்கு நீரூட்டின. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்தது. அறுவடை நெல், வீட்டினுள் இருந்த மரப் பத்தாயங்களில் நிறைந்தது. அண்டைப் பகுதியான கேரளத்தில், கீழே நெல்லும் மேலே மனிதரும் தங்கிய பத்தாயப்புரைகள் இருந்தன. களஞ்சியமும் இல்லமும் இம்மண்ணுக்கு அயலானவை அல்ல. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவை.

நெல்லுக்கு ஒரு வீடு

காவிரிப் படுகையில், பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. வட்டவடிவும் கூம்பிய கூரையும் கொண்ட அது, ஏறத்தாழ 3000 கலம் நெல்லைக் கொள்ளும். நெல்லுக்கு ஈரமும் எலியும் பகை. எனவே களஞ்சியத்திற்குத் தடித்த சுவரும் மிகச்சில திறப்புகளும் தேவை. மனிதர்க்கோ ஒளியும் காற்றும் வேண்டும். களஞ்சியத்தை இல்லமாக்குவோர் முதலில் தீர்க்கவேண்டிய முரண் இதுவே.

கரையோரக் களஞ்சியம்

நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில், ஆக்கர்செல்வா ஆற்றங்கரையில் 1953இல் எழுந்த தானியக் களஞ்சியம், 2001இல் மாணவர் குடியிருப்பாயிற்று. உருளைச் சுவர்களில் சாளரங்கள் திறக்கப்பட்டன. அறைகள் வளைந்த சுவர்களுடனேயே அமைந்தன. பழைய வடிவம் அழியாமல் புதிய வாழ்வு புகுந்தது.

மீளும் மாற்றம், மீளா மாற்றம்

நாஞ்சில்நாட்டிலும் மாற்றம் நிகழ்கிறது. நெல்வயல்கள் வாழைக்கும் தென்னைக்கும் இடம்விட்டன. பல வயல்கள் வீட்டுமனைகளாயின. பத்தாயங்கள் வெறுமையாயின. களஞ்சியம் வீடாவதும் வயல் வீடாவதும் ஒன்றல்ல. முன்னது பழங்கட்டடத்திற்கு வாழ்வளிக்கிறது. தேவையெனில் மீண்டும் நெல்லைச் சேர்க்கவும் இடமுண்டு. பின்னதோ நீர் தேங்கும் நிலத்தையும் வாய்க்கால் வழியையும் மூடிவிடுகிறது. மண்ணிட்டு மேடாக்கிய வயலை மீண்டும் வயலாக்குதல் அரிது. களஞ்சியத்தைக் காப்போர், அதனை நிறைத்த வயலையும் காக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

'கொட்டாரம்' என்னும் சொல் தமிழில் நெற்களஞ்சியத்தைக் குறிக்கும். மலையாளத்தில் அரண்மனையைக் குறிக்கும். கன்னியாகுமரிக்கு அருகில் கொட்டாரம் என்னும் ஊர் உள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் தானியம் சேமிக்கப் பயன்பட்ட கலன்களின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. 'களஞ்சியம் வீடாகலாம், வயல் வீடாகலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.