வட கடலில் சர்ஃபிங்: பையனை அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் ஸ்காட்லாந்தில் அபர்தீன் ஊரில் எம்.எஸ்சி. படிக்கிறான். கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறதாம். வகுப்புப் பசங்களோடு சேர்ந்து சர்ஃபிங் போகப்போகிறானாம், அதுவும் நவம்பரில். தாத்தா தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவன், நன்றாக நீந்துவான். சின்ன வயதில் வீசிங் இருந்தது. வேண்டாமென்றால் கேட்பதில்லை. போகலாமுங்களா? கிராஸ்கட் ரோட்டில் தெர்மல் வாங்கி அனுப்பினால் உள்ளே போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, காந்திபுரம், கோவை

பதில்: தெர்மல் வாங்கி அனுப்புங்கம்மா, ஆனால் தண்ணீருக்குள் போட்டுக்கொள்ள அல்ல. வெட்சூட் என்கிற ரப்பர் உடை தோலோடு ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். உள்ளே துணி இருந்தால் மடிப்பு விழும், அந்த இடைவெளியில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். கரையேறி உடை மாற்றிய பிறகு போட்டுக்கொள்ள அது அருமையான பொருள்.

போகலாமா என்றால், போகலாம். ஆனால் உங்கள் பயம் அலையைப் பற்றி என்று நினைக்கிறேன். எனக்குப் பயம் குளிரைப் பற்றித்தான்.

அபர்தீன் கடல் ஆகஸ்ட்டிலேயே 13, 14 டிகிரியில்தான் இருக்கும். நவம்பரில் 10 டிகிரி அளவு. பிப்ரவரி, மார்ச்சில் 6 டிகிரி வரை இறங்கும். தரையைவிடக் கடல் தாமதமாகக் குளிரும், தாமதமாகவே சூடாகும். அதனால் மார்ச்சில் பளிச்சென்று வெயில் அடிக்கிறதே என்று இறங்குவது நவம்பரைவிட மோசம். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் திடீரென்று உடம்பில் பட்டால், நம்மைக் கேட்காமலே மூச்சு ஒரு பெரிய இழுப்பாக உள்ளே போகும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் போச்சு. அடுத்து மூச்சு தாறுமாறாக வாங்கும், நெஞ்சு படபடக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அதுவாகவே அடங்கிவிடும். நல்ல நீச்சல்காரர்களும் இந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மூழ்கியிருக்கிறார்கள். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் பல வருடமாக ஆராய்ந்துவருவது இதைத்தான். பிரிட்டனில் 1824 முதல் கடலில் உயிர் காத்துவரும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பும், தவறி விழுந்தால் உடனே நீந்தாதே, தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மித, மூச்சு சீரானதும் மற்றதைப் பார் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறது.

கிணற்று நீச்சலுக்கு வருகிறேன். அது வீண் இல்லை, தண்ணீர்ப் பயம் விட்டுப்போயிருக்கும். ஆனால் மேட்டிலிருந்து தொப்பென்று குதிக்கிற பழக்கத்தை அங்கே அடியோடு மறக்கச் சொல்லுங்கள். மெல்ல நடந்து இறங்க வேண்டும். முகத்திலும் பிடரியிலும் தண்ணீரை அள்ளி விட்டுக்கொண்டு, மூச்சு சீரான பிறகுதான் போர்டில் படுக்க வேண்டும். இன்னொன்று, கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் கொண்டுபோகாது. கடலில் கரைக்கு வந்த அலைத்தண்ணீர் மணல்திட்டுகளுக்கு இடையில் இருக்கும் பள்ளம் வழியாகத் திரும்பி ஓடும். அந்த இழுப்பை எதிர்த்துக் கரையை நோக்கித் துடுப்பு போட்டால் கை ஓய்ந்துவிடும். பக்கவாட்டில் விலகி, அலை உடைகிற இடத்துக்குப் போய், அந்த அலையோடு திரும்ப வேண்டும். என்ன ஆனாலும் போர்டை விடக் கூடாது. வேறெந்தப் பிடிமானமும் அங்கே கிடையாது.

அபர்தீன் கடற்கரை கிழக்கு பார்த்தது. அங்கே அதிகம் வீசுவது மேற்கு, தென்மேற்குக் காற்று. அதாவது தரையிலிருந்து கடலுக்கு. அந்தக் காற்றில் அலை வழவழவென்று அழகாக எழும்பும், சர்ஃபர்களுக்குக் கொண்டாட்டம். கரையோரக் கடலும் குளம் மாதிரி அடங்கித் தெரியும். புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான், போர்டோடு ஆளையும் அதே காற்று வெளியே தள்ளிக்கொண்டு போகும். நல்ல அலை வருவது வடக்கே நார்வே கடல் பக்கம் புயல் அடிக்கும்போது. அந்தப் புயலே அடியில் இருக்கும் மணல்திட்டுகளையும் இடம் மாற்றிவிடும், போன வாரம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வாரம் ஆழமாக இருக்கலாம். கடலுக்குள் நீட்டிக் கட்டிய தடுப்புகளின் ஓரமாகவும் வெளியே இழுக்கும் ஓட்டம் இருக்கும், அதன் பக்கமே போக வேண்டாம். சென்னைக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான். அபர்தீனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டரைத் தாண்டும். இறங்கும்போது பார்த்த கரை, ஏறும்போது இருக்காது.

உடை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நவம்பருக்கு நெஞ்சுப் பகுதி 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும் வெட்சூட், அதோடு தலையை மூடும் ரப்பர் உறை, கையுறை, ரப்பர் பூட்ஸ். சர்ஃப் பள்ளிகளில் வாடகைக்கே கிடைக்கும். அந்த ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் குளிரைத் தடுக்கின்றன. இதை யோசித்தவர் ஹியூ பிராட்னர், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர்! எந்தக் கையிலிருந்து எது வருகிறது பாருங்கள்.

வீசிங் பற்றி அவன் அங்கே இருக்கும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். குளிர்காற்றும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் பழைய தொல்லை திரும்பலாம். இன்ஹேலர் கொடுத்திருந்தால் அது கரையில் கூட வந்தவர் கையில் இருக்கட்டும். காதில் அடைப்பான் போடச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் குளிர்க்கடலில் ஆடுகிறவர்களுக்குக் காதுத் துளைக்குள் எலும்பு வளர்ந்து அடைப்பதுண்டு.

கரையேறியதும் எல்லாம் முடிந்ததென்று நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பிறகும் சிறிது நேரம் உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஈர உடையைக் கழற்றி, உங்கள் தெர்மலைப் போட்டு, சூடாக ஏதாவது குடித்துவிட்டு உட்கார வேண்டும். உடனே கொதிக்கிற வெந்நீர்க் குளியலும் வேண்டாம், பீரும் வேண்டாம். நவம்பர் கடைசியில் மாலை மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஆகவே மதியத்துக்குள் முடித்துக்கொள்ளட்டும். முதல் சில தடவை பயிற்சியாளரோடு மட்டும். தனியாக என்றால், அப்போது தாராளமாகத் தடுத்துவிடுங்கள். ஆபத்தென்றால் 999-ஐ அழைத்து "கோஸ்ட்கார்டு" என்று கேட்க வேண்டும், போலீஸை அல்ல.

கேள்வி: கோவையிலிருந்து போய் சர்ஃபிங் கற்க எந்த மாதம், எந்த ஊர் நல்லது?
– கல்லூரி மாணவர், காந்திபுரம்

பதில்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கேரளத்துக் கோவளம், வர்க்கலா. அலை சிறிது, கற்றுக்கொள்ள ஏற்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் வேண்டாம், தென்மேற்குப் பருவக் கடல் முரட்டுத்தனமாக இருக்கும். அந்த மாதங்களில் சென்னைக்குத் தெற்கே இருக்கும் நம் கோவளமும் மாமல்லபுரமும் சரி. 2023 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியே நடந்தது. இந்தக் கோவளத்தில் மீனவர் குடும்பத்திலிருந்து வந்த மூர்த்தி மேகவன் தொடங்கிய பள்ளி இருக்கிறது. தொடக்கத்தில் மெத்தென்ற ஃபோம் போர்டு கேளுங்கள், தலையில் பட்டாலும் காயம் குறைவு.