விரதம் இருங்கள், மாத்திரையை விடாதீர்கள்

ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் ரத்தப் புற்றுநோய் சி.எம்.எல். 2001-இல் வந்த இமாடினிப் மாத்திரை அதைப் பல்லாண்டு கட்டுக்குள் வைக்கிறது. காப்புரிமை வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் இங்கே மலிவாகவும் கிடைக்கிறது.

சாப்பிட்ட கையோடு பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்குங்கள். வெறும் வயிற்றில் குமட்டும். கிருத்திகை, அமாவாசை விரதமென்றால் ஒருபொழுதுச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம். மறந்த வேளைக்காக மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். "உடம்பு நல்லாத்தானுங்க இருக்குது" என்று நீங்களாக நிறுத்தவே கூடாது. நோய் திரும்புவது முதலில் பி.சி.ஆர். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அந்த ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். நாட்டு மருந்து எதையும் டாக்டரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

மதுக்கரை தர்மலிங்கேஸ்வரர் மலைக்கோயிலுக்கு ஏறும் வழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள். இந்த மாத்திரையால் கெண்டைக்கால் சதை பிடித்திழுப்பது உண்டு. அப்படி இழுக்கும் அன்றைக்கு அடிவாரத்திலேயே கும்பிடுங்கள், சாமி ஏற்றுக்கொள்ளும். நோய் புதிதாகத் தெரிந்து கலங்கியிருப்பவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். பல வருஷம் இதோடு வாழ்ந்தவர் சொல்லும் தைரியம் வேறு யாராலும் தர முடியாதது.

வெளியூர்ச் சிகிச்சைக்கு ரயிலில் போனால், ஸ்லீப்பர் வகுப்பில் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்.