ஜாப்ஃபினோ: 54 வருஷம் காத்திருந்த கையெழுத்து

பத்திரிகை, சிம்போசியம் சர்டிபிகேட், சென்ட் டப்பா இதுலலாம் நீளமா வால் விட்டு வளைஞ்சு ஓடுற ஆங்கில எழுத்தைப் பாத்திருப்பீங்க. அதுக்குப் பேர் ஸ்கிரிப்ட் ஃபான்ட். மேக் வச்சிருக்கவங்களுக்கு அதுல ஒண்ணு நல்லாவே தெரியும், ஜாப்ஃபினோ.

இதை வரைந்தவர் ஹெர்மன் ஜாப்ஃப் (1918–2015), ஜெர்மானியர். பாலட்டினோ, ஆப்டிமா ரெண்டும் இவர் கைவண்ணம்தான். டொனால்ட் க்னூத்தோட சேர்ந்து கணக்குக்காகவே ஆய்லர்னு ஒரு ஃபான்ட் பண்ணவர், அதனால பாதி நம்ம இன்ஜினியரிங் ஆளு! 1944-ல தன் ஸ்கெட்ச் புக்ல பேனாவால எழுதின ஒரு பக்கம்தான் ஜாப்ஃபினோவுக்கு மூலம். ஆனா லினோடைப் அதை ஃபான்ட்டா வெளியிட்டது 1998-ல. நடுவுல 54 வருஷம் ஏன்?

ஈய அச்சுல ஒவ்வொரு எழுத்தும் ஒரு குட்டி உலோகக் கட்டை மேல இருக்கும். வால் கட்டையைத் தாண்டி நீண்டா பக்கத்துக் கட்டையில இடிக்கும், இல்லன்னா உடையும். இன்னொரு சிக்கல் இதைவிடப் பெருசு. கையால எழுதும்போது நாம ஒரே எழுத்தை ரெண்டு தடவை அச்சு அசலா எழுத மாட்டோம். அதுக்கு எத்தனை வார்ப்பு செஞ்சு வைக்கிறது?

கம்ப்யூட்டர்ல இந்தத் தொல்லை இல்ல. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை ஃபான்ட்டுக்குள்ளயே வச்சிடலாம். பக்கத்துல எந்த எழுத்து வருதோ அதைப் பாத்து எந்த வடிவம் போடணும்னு ஒரு அட்டவணை சொல்லும். மேக்ல இந்த ஃபான்ட்டோட பேரையே ஆங்கிலத்துல டைப் பண்ணிப் பாருங்க. கடைசி ஓ விழுந்ததும் ஏழு எழுத்தும் ஒரே ஓவியமா மாறிடும்.

இது ஏதோ வெளிநாட்டு வித்தைன்னு நினைக்காதீங்க. 'கே'ன்னு டைப் பண்ணும்போது மெமரில முதல்ல க, அப்புறம்தான் ஏகாரக் குறி. திரையில குறி முன்னாடி வந்து நிக்குது. அங்கயும் டைப் பண்ணதுக்கும் தெரியறதுக்கும் நடுவுல ஒரு நிரல் வேலை செய்யுது.

சரி, எங்க போடலாம்? தலைப்பு, பேர், ஒரு வரி வாழ்த்து, அவ்வளவுதான். பத்தி பத்தியா போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. உடம்பு சின்னது, தலையும் வாலும் நீளம். அதனால சைஸைக் கூட்டணும், வரிக்கு வரி தாராளமா இடம் விடணும். எழுத்துக்கு நடுவுல மட்டும் இடைவெளி விட்டுடாதீங்க, இணைப்பு அறுந்துடும்.

முக்கியமா, முழுக்க கேபிடல்ல வேண்டவே வேண்டாம். என் ஃப்ரெண்ட் ஒருத்தி சர்டிபிகேட்ல பேர் மொத்தமும் ஸ்கிரிப்ட் கேபிடல். இன்டர்வியூல சரிபார்த்தவர் இனிஷியலையும் பேரையும் பிரிக்க முடியாம ரெண்டு தடவை கேட்டார். ராத்திரி பகலா உழைச்சு வாங்கின பேப்பர் அது.

அடுத்த சிம்போசியத்துக்கு டிசைன் பண்றவங்க ஒரே ஒரு பிரதி பிரின்ட் எடுத்து, அந்தப் பேரே தெரியாத ஒருத்தர்கிட்ட குடுங்க. தடுமாறாம படிச்சா மிச்சத்தையும் அடிங்க.