தங்கமீன் தொட்டிக்குப் பாசி தின்னும் துணை எது?

மலையூர்களில் வண்ணமீன் விற்கும் வணிக அன்பர்களும், கல்லா அருகே மீன் தொட்டி வைத்திருப்போரும் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஒராண்டா, பிளாக் மூர் போன்ற அலங்காரத் தங்கமீன்களுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தண்ணீர் ஏற்றது. தொட்டியில் பாசி பிடித்ததும் வாடிக்கையாளர் கேட்பது ‘டேங்க் கிளீனர்’ எனும் சக்கர் மீனை. தங்கமீன் வைத்திருப்பவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. காரணங்கள் மூன்று:

1. அது தென் அமெரிக்க வெப்பநீர் மீன். சுமார் 24 டிகிரியும் அதற்கு மேலுமே அதற்கு உகந்தது.

2. ஓர் அடிக்கு மேல் வளரும். வேண்டாமென்று ஏரியில் விட்டால் நாட்டு மீன்களுக்குக் கேடு.

3. மெதுவாக நீந்தும் தங்கமீனின் உடலில் ஒட்டி, மேல் வழவழப்பை உறிஞ்சும். அந்த இடம் புண்ணாகும்.

வளர்ந்த சைனீஸ் ஆல்கே ஈட்டரும் இவ்வாறே செய்யும்.

பொருத்தமான துணை நெரைட் நத்தை. தண்ணீர் 20 டிகிரிக்குக் குறையாத தொட்டியில் கண்ணாடிப் பாசியை நன்கு மேயும், நன்னீரில் பெருகாது. தங்கமீன் வாய்க்கு அடங்காத பெரிய நத்தையாகக் கொடுங்கள். அதைவிடக் குளிர்ந்த ஊர்களில் ஸ்பாஞ்சால் துடைப்பதே வழி.

எந்தத் துணையும் பாசியின் மூலகாரணத்தை நீக்காது. விளக்கு தினம் 8 மணி நேரம் போதும். நேர் வெயில் ஆகாது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. வாரந்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும்.

ஒரு சக்கர் மீனில் கிடைக்கும் லாபம் சொற்பம். தங்கமீன் செத்தால் வாடிக்கையாளரே போய்விடுவார். உண்மையை எடுத்துச் சொல்லும் கடைக்குத்தான் அவர் மாதந்தோறும் தீனி வாங்க வருவார்.