எண்ணிக்கையும் பெயரும்

பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தவர்களைப் பற்றிய செய்திகளில் முந்நூறு பேர், ஆயிரம் பேர் என்று படிக்கும்பொழுது நாம் ஒரே பார்வையில் கடந்து விடுகிறோம். வியாபாரிகளாகிய நமக்கு எண்ணிக்கை பழகிப்போன சங்கதி. அரிசி மூட்டையை எண்ணும் வாயே மனிதரையும் எண்ணிவிடுகிறது. எப்படி எழுதினால் படிப்பவர் மனம் நின்று கேட்கும் என்பதை, 2015ஆம் ஆண்டு நடந்த ஒரு காரியத்தைக் கொண்டு ஈண்டு கவனிப்போம்.

அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி ஸ்தாபனத்தின் பெண் நிருபர்கள், இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள பெஞ்சினா என்ற தீவுக் கிராமத்தில், மீன்பிடிக் கப்பல்களில் அடிமைகளாய் உழைத்த மியன்மார் தேசத்தவரைக் கண்டார்கள். ஓடிவிடுவார்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் கூண்டில் அடைபட்டிருந்தனர். இறந்தவர்களின் கபுறுகளில் நட்டிருந்த மரப்பலகைகளிலோ போலித் தாய்லாந்துப் பெயர்கள்! பெற்ற தாய் தேடி வந்தாலும் எந்தக் குழி தன் மகனுடையது என்று அறிய வழியில்லை. நிருபர்கள் அங்கே மீன் ஏற்றிய கப்பல் ஒன்றை 15 நாட்கள் செயற்கைக்கோள் மூலம் கண்காணித்து, தாய்லாந்துத் துறைமுகத்தில் லாரிகளையும் பின்தொடர்ந்து, அந்த மீன் அமெரிக்கக் கடைகள் வரை போவதை நிரூபித்தார்கள்.

இனிமேல்தான் பாடமாகக் கொள்ளவேண்டிய விஷயம் வருகிறது. மற்றச் சரக்கைப் பதுக்கினால் விலை ஏறும்; செய்தியைப் பதுக்கினால் பழசாகிவிடும். அப்படியிருந்தும் அவர்கள் உடனே பிரசுரிக்கவில்லை. முகமும் பெயரும் வெளிவந்தால் முதலாளிகள் அந்த ஆட்களை என்ன செய்வார்களோ என்றஞ்சி, இடம்பெயர்வோருக்கான சர்வதேச ஸ்தாபனத்திற்கு அறிவித்தார்கள். போலீசார் அவர்களைப் பத்திரமான இடத்திற்குக் கொண்டுபோன பின்னரே, மார்ச் மாதத்தில் செய்தி வந்தது. ஏப்ரலில் முந்நூற்றுக்கு மேற்பட்டோரும், மொத்தத்தில் 2000க்கு மேற்பட்டோரும் விடுதலையாயினர். 2016இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அவ்வரிசையில் ஒருவருடைய சரித்திரம் தனியே எழுதப்பட்டது. ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டதற்காகக் குற்றுயிராக அடிக்கப்பட்டவர். தப்பியோடி, ஓர் இந்தோனேசியக் குடும்பத்தின் தயவில் உழைத்துப் பிழைத்தவர். 22 ஆண்டுகள் கழித்துத் தாயையும் தங்கையையும் கண்டவர். அவர் கண்ணீரை மட்டும் எழுதியிருந்தால் நாம் 'பாவம்' என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பியிருப்போம். அவர் கேட்டது என்ன, ஓடியது எப்படி, யார் சோறு போட்டார்கள் என்று எழுதினபடியால் அவர் நம் எதிரே நிற்கிறார்.

இதைப் படித்த இரவு நமது கடைப் பற்றுவரவுப் புத்தகத்தைப் புரட்டினோம். கடன் வாங்கும் வெளிநாட்டுத் தொழிலாளிகள் ஏழு பேரை 'பங்களா 1', 'பங்களா 2' என்றே எழுதி வைத்திருந்தோம். வெட்கமாக இருந்தது. இதுவரை நான்கு பேரிடம் பெயர் கேட்டு எழுதியாயிற்று. மற்ற மூவர் சம்பளத் தேதியில் வருவார்கள்.